மதகும் ஓசோன் குழாயும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் பாதி வழி தாண்டுவதற்குள் வந்துவிடுகிறது வளவனூர். ஏரியை நம்பிப் பயிர் செய்த ஊர். 1879இல் விழுப்புரம் - புதுச்சேரி ரயில்பாதை திறந்த பிறகு வண்டிச் சத்தமும் சேர்ந்துகொண்டது. இன்று, தமிழ்நாட்டின் மற்றச் சிற்றூர்களைப் போலவே, இங்கும் குடிக்கிற தண்ணீர் 20 லிட்டர் கேனில் வருகிறது. கேன் கம்பெனிகளில் ஆர்.ஓ.வும் புற ஊதா விளக்கும் தாண்டிய தண்ணீருக்குக் கிருமி கொல்லக் கடைசியாகக் கொடுப்பது ஓசோன் வாயு. கிழக்குக் கடற்கரைச் சாலை விடுதிகளின் வெந்நீர்க் குளியல் தொட்டிகளுக்கு அடியில் கையடக்கப் பெட்டியாக உட்கார்ந்திருப்பதும் அந்த ஓசோனை உண்டாக்கும் இயந்திரத்தின் குட்டிதான். ஏரிக்கும் இந்தப் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். ஆனால் இரண்டின் கதையையும் சேர்த்துப் படித்தால் ஒன்று புலப்படுகிறது: தண்ணீரைத் தூய்மையாக வைத்திருந்தது எந்தக் காலத்திலும் கட்டுமானமோ கருவியோ மட்டுமல்ல, தண்ணீர் நுழைகிற, வெளியேறுகிற சின்ன வாயை யாரோ ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

ஏரியில் இது வெளிப்படையாகவே தெரியும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள், குடவோலை முறையில் ஆள் தேர்ந்து ஏரி வாரியம் அமைத்ததைச் சொல்கின்றன. பொறுப்பு 360 நாளுக்கு. பள்ளிப் பாடத்தில் இதைத் தேர்தலின் பெருமையாக மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம்; ஏரிக்கென்று தனியாக ஒரு குழு எதற்கு என்று கேட்பதில்லை. ஏரி கட்டி முடிப்பதோடு முடிகிற சமாச்சாரம் அல்ல என்பதுதான் பதில். ஒவ்வொரு மழைக்கும் வண்டல் வந்து சேரும், வரத்துக்கால் தூரும், மதகில் கசிவு காணும். இதற்காக ஊர்கூடிச் செய்த வேலையைத்தான் பின்னாளில் குடிமராமத்து என்றார்கள். மதகைத் திறக்கவும் அடைக்கவும் நீர்க்கட்டி இருந்தார். குடத்துக்கு வந்த கலங்கல் நீருக்கு வீட்டில் தேத்தாங்கொட்டை இருந்தது. குடத்தின் உட்புறத்தில் அதை இழைத்துவிட்டால் சேறு அடியில் படியும். கிருமியை அது கொல்லாது. தெளிய வைக்கும், அவ்வளவே.

இந்த ஏற்பாடு ஆட்டம் கண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டில். வருவாயை ஆங்கிலேய அரசு எடுத்துக்கொண்டது. பராமரிப்பை ஊரின் கடமையாகவே விட்டுவைத்தது. 1850களில் பொதுப்பணித் துறை வந்தது. 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் வந்தது. வழக்கம் தானாக நடந்துகொண்டிருந்தால் சட்டம் போட்டு ஆளைக் கூப்பிட வேண்டிய தேவை என்ன? பக்கத்தில் பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரிக்கு 1860களில் முத்திரப்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியே நல்ல தண்ணீர் கொண்டுவந்தார்கள். பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபம் அதை நினைவூட்டுகிறது. அங்கும் நீரைக் காத்தது ஊற்றையும் கால்வாயையும் காத்ததுதான்.

அதே பிரான்சில், நீஸ் நகரில், 1906இல் நகரக் குடிநீரை ஓசோனால் சுத்திகரிக்கும் நிலையம் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பே 1893இல் நெதர்லாந்தின் ஔட்ஸ்ஹோர்னில் சோதித்துவிட்டார்கள். மின்பொறி பறக்கும் இடத்தில் வருகிற ஓசோனின் காரமான வாடையை 1839 வாக்கில் பாசல் நகரில் வேதியியலாளர் ஷோன்பைன் ஆராய்ந்தார். 1857இல் வெர்னர் வான் சீமென்ஸ் ஒன்றுக்குள் ஒன்றான கண்ணாடிக் குழல்களுக்கு நடுவே மின்சாரத்தைப் பாய்ச்சி அந்த வாயுவை வேண்டிய அளவு எடுக்க வழி செய்தார். இன்றைய பெட்டிக்குள்ளும் அடிப்படை அதுதான். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. உள்ளே இழுக்கும் காற்று உலர்ந்திருக்க வேண்டும். கடற்கரை ஈரக்காற்றில் நைட்ரஜனும் ஈரமும் சேர்ந்து நைட்ரிக் அமிலமாகிக் குழலை அரிக்கும். சாதாரண ரப்பர் குழாயில் ஓசோனே வெடிப்பு விழச் செய்யும். வெந்நீர்த் தொட்டியில் ஓசோனை நீருக்குள் இழுப்பது வெஞ்சுரி என்ற குறுகிய தொண்டை. நம் போர்வெல் உப்பு அங்கே படிந்தால் இழுவை நின்றுபோகும். நீர் பின்னோக்கி ஏறாமல் தடுக்கும் என்.ஆர்.வி. வால்வு பழுதானால் தண்ணீர் நேராகப் பெட்டிக்குள் போய்விடும். பெட்டியில் பச்சை விளக்கு அப்போதும் எரியலாம். ஆகவே அனுபவமுள்ள மெக்கானிக் விளக்கைப் பார்ப்பதில்லை. ஓசோன் பெட்டியின் இணைப்பைத் துண்டித்து, பம்பை மட்டும் ஓடவிட்டு, குழாய் முனையில் விரலை வைத்துப் பார்ப்பார். இழுத்தால் வெஞ்சுரி நலம். இழுக்காவிட்டால் அதைக் கழற்றி வினிகரில் ஊறவைக்க வேண்டும், பில்டரையும் அலச வேண்டும். குழாய்க்குள் நீர்த்துளி நின்றால் முதலில் மாற்ற வேண்டியது வால்வை. வால்வை விட்டுவிட்டுப் புதுப் பெட்டி வாங்கினால் அதுவும் சீக்கிரமே நனையும்.

இப்படிச் சொன்னால் பழம்பெருமை பேசுவதாக ஒரு மறுப்பு வரும். அதில் நியாயமும் உண்டு. ஏரியும் குளமும் காலராவையும் சுமந்தன. நரம்புச் சிலந்தி திறந்த கிணற்றிலிருந்தும் குளத்திலிருந்தும் பரவிய நோய். இந்தியாவில் அதன் கடைசி நோயாளி 1996இல்தான் பதிவானார். குடிமராமத்தும் சமமானவர்கள் கூடிச் செய்த வேலை அல்ல. தூர் வாரியவர்களில் பலருக்கு அந்தக் குளத்தில் குடம் முக்க அனுமதி இல்லை. ஆகவே பழைய ஏற்பாட்டை அப்படியே மீட்க வேண்டும் என்பது என் வாதமல்ல. கருவி வந்தது நல்லதே. கருவியோடு கண்காணிப்பவர் தேவையில்லாமல் போனார் என்ற எண்ணம்தான் தவறு. ஏரிக் காலத்தில் அவர் ஊருக்குத் தெரிந்தவர், இப்போது எங்கோ ஒரு ஷெட்டுக்குள் இருக்கிறார்.

இன்னொரு மறுப்பு: ஓசோன் வேண்டாம், குளோரின் போதும், அதற்கு இத்தனை கவனம் வேண்டியதில்லை என்பது. முதல் உலகப் போருக்குப் பிறகு குளோரின் மலிவாகி உலகெங்கும் முந்தியது உண்மை. நீரில் தங்கிக் காக்கும் குணமும் அதற்கு உண்டு. ஓசோனோ சாதாரண வெப்பத்தில் சில பத்து நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். வெந்நீரில் அதைவிட வேகமாக. வெந்நீர்த் தொட்டியில் ஓசோன் இருந்தும் கொஞ்சம் குளோரின் போடச் சொல்வது இதனால்தான். ஆனால் குளோரினும் தானாக நீரில் இறங்குவதில்லை. ஊராட்சி மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்ற ஆபரேட்டர் ஏணி ஏற வேண்டும். தொட்டிச் சுவரில் சுத்தம் செய்த நாளும் அடுத்துச் சுத்தம் செய்ய வேண்டிய நாளும் பெயின்டில் எழுதியிருக்கும். சாலையில் போகிறவர் நின்று படித்துக் கேள்வி கேட்கலாம். கேனில் தண்ணீர் அடைத்த தேதி இருக்கிறது. அதற்கு ஓசோன் கொடுத்த குழலைக் கடைசியாகக் கழற்றித் துடைத்த தேதி எதிலும் இல்லை.