தூசி நுரையீரல் நோய்: கண்டறியும் முறைகளின் வரலாறு

வேலையிடத்துக் கனிமத் தூசியைப் பல ஆண்டுகள் சுவாசிப்பவர்களின் நுரையீரல் தழும்பேறி இறுகுவதே தூசி நுரையீரல் நோய். சிலிகா தூசியால் சிலிகோசிசும் கல்நாரால் ஆஸ்பெஸ்டோசிசும் வருகின்றன. ஏறிய தழும்பை அகற்ற மருந்தில்லை. எனவே முன்கூட்டியே கண்டறிந்து, தொழிலாளியைத் தூசியிலிருந்து விலக்குவதே சோதனைகளின் முதல் நோக்கம்.

தொடக்கம்: சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலைத் தூசி அரிப்பதை 1556இல் வெளிவந்த தம் நூலில் அக்ரிகோலா குறித்தார். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலையும் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ராமசீனி 1700இல் வலியுறுத்தினார். ஆயினும் உறுதியான சான்று பிணப் பரிசோதனையில்தான் கிடைத்தது. 1846இல் ஹட்சின்சன் அறிமுகப்படுத்திய ஸ்பைரோமீட்டர், உயிரோடிருப்பவரின் மூச்சுக் கொள்ளளவை அளக்க வழிசெய்தது.

எக்ஸ்ரே: ராண்ட்கன் 1895இல் கண்டறிந்த கதிர்கள் நுரையீரலின் உட்புறத்தைக் காட்டின. தங்கச் சுரங்கங்கள் சூழ்ந்த ஜோகன்னஸ்பர்க்கில் 1930இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு சிலிகோசிஸ் மாநாட்டைக் கூட்டியது. படங்களை வகைப்படுத்தும் பன்னாட்டு முறை அங்கே உருவானது. ஒரே படத்தை மருத்துவர்கள் வெவ்வேறாகப் படிப்பதை பிரிட்டனின் பிளெட்சரும் ஓல்டமும் 1949இல் எடுத்துக்காட்டினர். இழப்பீடு அந்தப் படத்தை நம்பியிருந்ததால் இது தொழிலாளியின் வாழ்க்கையைத் தொடும் சிக்கல். தீர்வாக, மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டுப் படிக்கும் முறை நிலைபெற்றது. நிழல்கள் எவ்வளவு அடர்ந்துள்ளன என்பது 12 படிகளில் குறிக்கப்படுகிறது, 10 மி.மீ.க்கு மேற்பட்டவை பெரிய நிழல்களாகத் தனியே வகுக்கப்படுகின்றன. 2011இல் டிஜிட்டல் படங்களும் இம்முறைக்குள் வந்தன.

பிற சோதனைகள்: எக்ஸ்ரேயில் புலப்படாத நுண்ணிய மாற்றங்களையும் சி.டி. ஸ்கேன் காட்டும். மூச்சுத்திறன் சோதனை பாதிப்பின் அளவைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

இந்தியாவில்: தமிழர்கள் பெருந்திரளாக உழைத்த கோலார் தங்க வயலில் 1940களில் சிலிகோசிஸ் ஆய்வு நடந்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இருமலும் எடைக்குறைவும் காசநோயிலும் இருப்பதால், கல்குவாரித் தொழிலாளிக்குக் காசநோய் மருந்து மட்டுமே கொடுக்கப்படும் ஆபத்து உண்டு. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் சளிப் பரிசோதனையும் அவசியம். சிலிகா பாதிப்பால் இரத்தத்தில் குறையும் சிசி16 என்ற புரதத்தை அளந்து நோயை முன்னரே உணர்த்தும் சோதனையை அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் உருவாக்கியுள்ளது.

எந்தத் தூசியில், எத்தனை ஆண்டு வேலை என்ற விவரம் இல்லாமல் எந்தப் படமும் முழுமையாகாது. அதைக் கேட்டுப் பதிவது மருத்துவரின் கடமை. இழப்பீடு கோரும் தொழிலாளிக்கு அதுவே முதல் ஆதாரம்.