கண்ணாடிக்கு மேல் ஒரு கையொப்பம்

இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் ஏறத்தாழ 82 சென்டிமீட்டர் உயரமும் 60 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஓக் மரப்பலகை ஓவியம் ஒன்று உள்ளது. எண்ணெய் வண்ணத்தில் தீட்டப்பட்டது. ஓர் அறை, மென்மயிர் மேலங்கி அணிந்த வணிகர் ஒருவர், பச்சை உடுத்த பெண் ஒருத்தி, இருவர் காலடியில் ஒரு சிறு நாய். பின்சுவரில் ஒரு குவிகண்ணாடி. அதற்கு மேலே, பத்திரம் எழுதும் எழுத்தர் கையெழுத்தைப் போன்ற அலங்கார எழுத்தில், ‘யோகன்னஸ் தே ஐக் இங்கே இருந்தார், 1434’ என்னும் இலத்தீன் தொடர். ‘வரைந்தார்’ என்னாது ‘இருந்தார்’ என்றதே பின்னாளைய ஆராய்ச்சிகள் பலவற்றுக்கு வித்தாயிற்று.

எழுதியவர் பிளாண்டர்சு ஓவியர் யான் வான் ஐக் என்பதில் பெரும் ஐயம் எழவில்லை. எழுதப்பட்டவர் யார் என்பதே வழக்கு. அதனை ஆராயப் புகுவோர்க்குச் சான்று, படம் கைமாறிய வழியே.

முதற் சான்று 1516-ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல். நெதர்லாந்துப் பகுதியை ஆண்ட ஆஸ்திரிய மார்கரெட் அரசியாரின் உடைமைகளுள் இப்படம் குறிக்கப்படுகிறது. தியேகோ தே கெவாரா என்னும் ஸ்பானியப் பெருமகன் அளித்தது. மூடுகதவுகளில் அவருடைய குலச்சின்னம் உண்டு. ஓவியர் பெயர் ‘யோகன்னஸ்’. படத்திலிருப்பவர் ‘எர்னூல் லெ ஃபேன்’, உடன் அவர் மனைவி. மூடிவைக்க ஒரு பூட்டு வேண்டும், அரசியார் ஆணையிட்டுள்ளார் என ஓரக்குறிப்பும் காணப்படுகிறது. கணக்குப்பிள்ளையின் இச்சிறு குறிப்பு, அரசியார் இப்படத்தை எத்துணை அருமையாகப் போற்றினார் என்பதைக் காட்டிவிடுகிறது.

மார்கரெட்டுக்குப் பின் அவர் மருகி அங்கேரி மேரியிடம் சென்ற படம், 1556-இல் அவருடன் ஸ்பெயின் நாடு புகுந்து இரண்டாம் பிலிப்பு மன்னனின் உடைமையாயிற்று. அங்கே பெயர் மறைந்தது. 1700-ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியல் எழுதியவருக்கு அவர்கள் யாரெனத் தெரியவில்லை. கருவுற்ற செருமானியப் பெண் ஓர் இளைஞனுக்குக் கைகொடுக்கிறாள், இரவில் மணம் புரிவார் போலும், சட்டத்திலுள்ள ஒவிட் கவிஞரின் அடிகள் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவதைச் சொல்கின்றன என்று தம் கண்ணுக்குப் பட்டதை எழுதிவைத்தார். (அவள் கருவுற்றிலள், அக்கால வழக்கப்படி உடையின் மிகுதுணியை முன்னே தூக்கிப் பிடித்திருக்கிறாள்.) 1794-ஆம் ஆண்டுப் பட்டியலிலோ ஓவியரே ‘யுவான் தே என்சிமா’ என்னும் ஸ்பானியராகிவிட்டார்! புள்ளியிடாத ஏட்டுச் சுவடிகளில் ஒரு பெயர் வேறொரு பெயராக மாறுவதைக் கண்டவர்க்கு இது வியப்பன்று.

நெப்போலியனின் தமையன் யோசேப்பு ஸ்பெயினை இழந்து ஓடியபோது, 1813 சூன் 21-இல் வீட்டோரியாப் போர்க்களத்தில் அவருடைய மூட்டை முடிச்சுகள் ஆங்கிலப் படையினரிடம் சிக்கின. 1816-இல் இப்படம் இலண்டனில் சேம்சு ஹே என்னும் ஸ்காட்டியப் படையதிகாரியிடம் இருந்தது. வாட்டர்லூவில் காயமுற்றுப் பிரசெல்சில் தங்கியிருந்தபோது விலைக்கு வாங்கியதாக அவர் கூறினார். அவர் வீட்டோரியாவிலும் போரிட்டவர் என்பதை மறவாதார்க்கு அக்கூற்றை அப்படியே ஏற்பது கடினம். பின்னர் அரசராகிய இளவரசர் சியார்சின் மாளிகையில் ஈராண்டு இருந்த படம், வேண்டாமெனத் திரும்பியது. 1842-இல் தேசிய ஓவியக் கூடம் 600 பவுனுக்கு வாங்கிற்று. கெவாராவின் சின்னமுடைய கதவுகளும் ஒவிட்டின் அடிகளுள்ள சட்டமும் இடையில் எங்கோ தொலைந்தன.

1857-இல் குரோ, காவல்காசெல்லே என்னும் அறிஞர் இருவர் இப்படத்தை மார்கரெட்டின் பட்டியலோடு பொருத்தினர். ‘எர்னூல் லெ ஃபேன்’ என்பது ‘அர்னோல்ஃபினி’ என்ற இத்தாலியப் பெயரின் பிரெஞ்சுத் திரிபெனத் தெளிவாயிற்று. பிரூஜ் நகரில் வாணிகம் செய்த லூக்கா நகரத்துக் குடும்பம் அது. அக்குடும்பத்தில் பேர்பெற்றவர் சோவான்னி தி அர்ரிகோ. மனைவி சீன் செனாமி. அவர்களே இவர்கள் என 1861-இல் வீல் என்பார் முடிவு கூறினார். 1934-இல் பனாஃப்ஸ்கி அதன்மேல் ஒரு மாளிகையே எழுப்பினார்: இது திருமண உறுதி, ‘இருந்தார்’ என்பது சாட்சிக் கையொப்பம், நாய் கற்பின் குறி, ஒற்றை மெழுகுவர்த்தி இறைவனின் கண். அறுபதாண்டுகள் மாணவர் பலரும் இதையே படித்தனர்.

1997-இல் பிரெஞ்சு அறிஞர் பவியோ வெளியிட்ட ஓர் ஆவணம் அடித்தளத்தை அசைத்தது. சோவான்னி தி அர்ரிகோ சீன் செனாமியை மணந்தது 1447-இல். அதாவது படம் தீட்டிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. வான் ஐக் இறந்தே ஆறாண்டுகள் ஆன பின்னர்! நுண்பொருள் காண்பதில் வல்ல பேரறிஞர், ஒரு திருமண நாளைச் சரிபாராது போனது வருந்தத்தக்கது. நாயும் தொங்கு விளக்கும் அடிவரைவில் இல்லை, பின்னரே சேர்க்கப்பட்டவை என்பதையும் அகச்சிவப்புக் கதிர் ஆய்வு காட்டிற்று.

மரபுவழி முறைமாறவே, ஆராய்ச்சி பங்காளியின் பக்கம் திரும்பியது. அதே குடும்பத்தில் சோவான்னி தி நிக்கோலாவோ என்றொருவர் இருந்தார். நம்மிடையே தலைப்பெழுத்து ஆளைப் பிரித்துக் காட்டுவதுபோல் அங்குத் தந்தை பெயரே வேறுபாடு காட்டும். மார்கரெட்டின் கணக்கரோ அதனை எழுதவில்லை. இவரே படத்திலுள்ளவர் என லோர்ன் கேம்பெல் 1998-இல் கருதினார். ஆனால் இவர் மனைவி கோஸ்தான்சா 1433 பிப்ரவரிக்குள் இறந்துவிட்டதாக அவளுடைய தாயின் கடிதம் சொல்கிறது. பெயர் தெரியாத இரண்டாம் மனைவியா, இறந்த மனைவியின் நினைவுப்படமா என்று இன்றும் வழக்கு நடக்கிறது. ஆடவனின் பக்கம் மெழுகுவர்த்தி எரிய, பெண்ணின் பக்கம் உருகிய மெழுகின் சுவடே எஞ்சியிருப்பதைச் சுட்டுவோர் பின்னதைக் கொள்வர். உள்ளத்தைத் தொடும் விளக்கம்தான். எனினும் ஒரு முறை மெழுகுவர்த்தியை நம்பி ஏமாந்த பின் சற்றுப் பொறுப்பதே நன்று.

கேம்பெல் தொகுத்த 1998-ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘சோவான்னி’ என்ற பெயரை அடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு வினாக்குறி இடப்பட்டுள்ளது. மனைவிக்குப் பெயரே இல்லை.