பாபநாசம் அணையும் புற்றுநோய்க் கணக்கும்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டபோது, சுலோசன முதலியார் பாலத்தைப் பற்றி எழுதுவேன் என்றுதான் நினைத்திருப்பார். சிவில் இன்ஜினியரிடம் வேறென்ன எதிர்பார்ப்பது! நான் எழுத வந்தது வேறு சரித்திரம். ஆனாலும் ஆற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

நம்ம ஊரில் காலையில் பேப்பரைப் பிரித்ததும் பெரியவர்கள் தேடுவது பாபநாசம் அணை நீர்மட்டத்தை. மொத்தம் 143 அடி. இன்றைக்கு எத்தனை, வரத்து எவ்வளவு? அதை வைத்துத்தான் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறப்பார்கள். அளக்காத தண்ணீரைப் பங்கு வைக்க முடியாது. நோய்க்கும் இதே கதைதான் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

முக்கூடலில் என் ஆச்சி பீடி சுற்றியவள். மடியில் தட்டு, வாயில் வெற்றிலையும் புகையிலையும். 1995-ல், நான் இரண்டாங்கிளாஸ் படிக்கும்போது, கன்னத்துக்குள் புண் வந்தது. "சூட்டுப் புண்ணு, தானா ஆறிரும்" என்று ஆறு மாதம் போய்விட்டது. எங்கள் பக்கத்தில் பலபேர் ஆரல்வாய்மொழி தாண்டித் திருவனந்தபுரம் ஆர்.சி.சி.க்குப் போவார்கள். மாமா சென்னையில் இருந்ததால் ஆச்சியை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற்றி அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குக் கொண்டுபோனோம். மறு வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அந்த ஆஸ்பத்திரியே ஒரு சாவிலிருந்து பிறந்ததுதான். 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிழைக்காத நோய்க்குத் தனி ஆஸ்பத்திரி எதற்கு என்ற நினைப்பு அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு வெகுகாலம் இருந்தது. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு திறந்தார்கள். முத்துலட்சுமியின் மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள்.

வைத்தியம் ஒரு பக்கம். நான் சொல்ல வந்தது கணக்கு. 1981-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. 1982 முதல் பம்பாய், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களில் கணக்கெடுப்பு. சென்னைப் பொறுப்பு அடையாறுக்கு. கேட்க எளிது, செய்வது பெரும்பாடு. ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்ட வேண்டும். மாநகராட்சி இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டும். ஒரே ஆள் மூன்று இடத்தில் காட்டியிருந்தால் மூன்றாக எண்ணிவிடக் கூடாது. இன்னொரு விதி, நகரவாசிகளை மட்டுமே சேர்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் என் ஆச்சி ஆஸ்பத்திரி ஏட்டில் இருந்திருப்பாள், சென்னைக் கணக்கில் வரமாட்டாள். திருநெல்வேலிக்கோ அப்படி ஒரு கணக்கே கிடையாது.

அந்த எண்ணிக்கை என்ன செய்தது? பெண்களிடம் அதிகம் காணப்படுவது கர்ப்பப்பை வாய்ப் புற்று என்று அந்நாளில் காட்டிக்கொடுத்தது. அதைக் கிராமத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? பதில் திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து வந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும், அடையாறும், பிரான்சின் லியோன் நகரத்தில் உள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து, 30 முதல் 59 வயது வரை சுமார் 49,000 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். 31,000 பேருக்கு மேல் வந்தார்கள். கருவி என்ன தெரியுமா? நம்ம ஊறுகாய்க்கு ஊற்றுகிற வினிகரின் அமிலம்தான். தடவினால் கோளாறான இடம் வெளுத்துத் தெரியும்; பயிற்சி பெற்ற நர்ஸே பார்க்கலாம். 2007-ல் முடிவு வெளியானது. அழைக்கப்படாத கிராமங்களோடு ஒப்பிட்டால் நோய் 25 சதவீதமும் சாவு 35 சதவீதமும் குறைவு. மாநில அரசு தேனியிலும் தஞ்சாவூரிலும் முன்னோட்டம் பார்த்து, பிறகு எல்லா மாவட்டத்துக்கும் கொண்டுவந்தது. ஆராய்ச்சியும் சர்க்காரும் கைகோத்தது என்று நான் தைரியமாகச் சொல்லக்கூடிய இடம் இது.

2012-ல் மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டையும் அரசும் அடையாறும் சேர்ந்து தொடங்கின. சென்னை எண்ணத் தொடங்கி முப்பது வருஷம் கழித்து நெல்லை கணக்கில் வந்தது.

பீடி விஷயத்தில் மட்டும் கைகள் இன்னும் கோக்கவில்லை. 1976-ல் பீடித் தொழிலாளர் நலநிதிச் சட்டம், 2003-ல் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம். ஒன்று தொழிலாளியைக் காக்க, மற்றது புகைப்பவனைக் காக்க. 2025 செப்டம்பரில் பீடி மீதான ஜி.எஸ்.டி.யை 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைக்க முடிவாயிற்று. டாக்டர்களுக்கு வருத்தம், முக்கூடலில் சந்தோஷம். யாரைக் குறை சொல்ல? அந்தக் கூலியில்தான் நான் ஃபீஸ் கட்டி நம் கல்லூரியில் படித்தேன்.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். கிராம சுகாதார நர்ஸ் வந்து, பரிசோதனைக்கு வரச்சொல்லிச் சித்தியிடம் பேர், வயது எல்லாம் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தார். சித்தி தட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"சீக்கிரம் கேளும்மா, நனைச்ச இலை காயுது."