இனிப்பும் புளிப்பும்: ஓர் இரயில் அட்டவணையின் வரலாறு



பள்ளி தொடங்கிக் கால அட்டவணை கைக்கு வந்ததும் ஆசிரியர் அறையில் பேரம் தொடங்கிவிடும். "வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர், உங்கள் சிற்றுண்டிச்சாலைக் கண்காணிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பார் ஒருவர். இரயில் பணியாளர்களும் இவ்வாறு தம் பணிமுறைகளை மாற்றிக்கொள்வதுண்டு. ஆனால், மாற்றிக்கொள்ளவே வழியில்லாத அட்டவணை ஒன்று ஒரு நாட்டின் இரயில் சேவையையே நிறுத்தியிருக்கிறது. அவ்வரலாற்றை இன்று பகிர்ந்துகொள்கிறேன்.

நெதர்லாந்து இரயில்வேயில் ஓட்டுநர்களும் நடத்துநர்களும் ஒரே நாளில் பல தடங்களில் பணிபுரிந்து வந்தனர். இதில் ஒரு சிக்கல் இருந்தது. ஒரு வண்டி தாமதமானால், அதன் ஓட்டுநருக்காகக் காத்திருக்கும் அடுத்த வண்டியும் தாமதமாகும். இதைத் தவிர்க்க, 2001ஆம் ஆண்டில் நிர்வாகம் ஒவ்வொரு பணியாளரையும் ஒருசில தடங்களோடு கட்டிப்போட முனைந்தது.

நோக்கம் நல்லதுதான். ஆயினும், ஒரே தடத்தில் போய்வந்து போய்வந்து பணியாளர்கள் சலித்தனர். அதற்குத் 'தேவாலயத்தைச் சுற்றும் வட்டம்' என்று கேலிப்பெயர் சூட்டினர். நம் வழக்கில் செக்குமாட்டுப் பிழைப்பு! ஒரே பணிநிலையத்தைச் சேர்ந்த அனைவருக்கும் ஏறத்தாழ அதே தடங்கள் என்றால், யாரோடு எதை மாற்றிக்கொள்வது? வேலைநிறுத்தங்கள் வெடித்தன, காலந்தவறாமையும் சரிந்தது.

பின்னர் புதிய விதிகள் உருவாயின. அவற்றின் பெயரே 'இனிப்பையும் புளிப்பையும் பகிர்தல்'. விரைவு வண்டிகளும் பலவகைத் தடங்களும் இனிப்பு. பழைய வண்டிகளும், பயணிகளின் முரட்டுத்தனம் மிகுந்த தடங்களும் புளிப்பு. இவ்விரண்டும் ஏறத்தாழ 30 பணிநிலையங்களுக்கும் இயன்றவரை நியாயமாகப் பங்கிடப்பட வேண்டும்.

பல்லாயிரம் பேருக்கு இதைக் கையால் கணக்கிட இயலுமா? ஒவ்வொருவரும் புறப்பட்ட நிலையத்திற்கே திரும்ப வேண்டும். உணவு இடைவேளை வேண்டும். வேலைநேரம் வரம்பு மீறக்கூடாது. இதற்கு 'துர்னி' என்ற இத்தாலிய மென்பொருள் கைகொடுத்தது. இத்தாலிய மொழியில் அச்சொல்லுக்குப் 'பணிமுறைகள்' என்றே பொருள். 2005இல் வெளியான ஆய்வுக்கட்டுரை, இம்முறையால் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.8 மில்லியன் டாலர், அதாவது 1.2 விழுக்காடு, மிச்சமானதாகக் கூறுகிறது. நியாயம் செலவை ஏற்றும் என்ற அச்சம் இங்கே பொய்த்துப்போனது.

இவ்வரலாற்றைப் படித்தபோது எனக்குள் ஓர் உறுத்தல். முன்னொரு பள்ளியில் அட்டவணை தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. ஓய்வுநேரக் கண்காணிப்பை ஓராசிரியைக்கே தொடர்ந்து அதிகம் கொடுத்துவந்தேன். அவர் குறை சொல்லாதவர். அது எனக்கு வசதியாக இருந்தது. "வேண்டுமானால் யாருடனாவது மாற்றிக்கொள்ளலாமே" என்றும் எண்ணிக்கொண்டேன். தன் கையில் புளிப்பை மட்டுமே வைத்திருப்பவரோடு யார் மாற்றிக்கொள்வார்?

இப்போதெல்லாம் பெயர்களை எழுதும் முன், கடந்த ஆண்டு அட்டவணையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன். வகுப்பறைத் துப்புரவுப் பணியிலும் அப்படியே. எப்போதும் குப்பைக்கூடையைத் தூக்குவது ஒரே மாணவனா என்று பார்க்கிறேன். உங்கள் பள்ளியிலும் இல்லத்திலும் ஒருமுறை பாருங்களேன்.

மீண்டும் சந்திப்போம்.