கரை இல்லாத பட்டு

அம்மாவின் கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் என் கல்யாணம் என்று சிறுவயதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருடம் நாள் குறித்தாயிற்று. அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்து பிளாஸ்டிக் உறையை இறக்கினார். 1984-இல் வாங்கிய அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. ஒரு சாண் அகலத்துக்கு ஜரிகைக் கரை. உறைக்குள் நான்கு மூலையிலும் பாச்சை உருண்டை. "ஒரே ஒரு தடவதான் கட்டுனேன்" என்று பெருமையாகச் சொன்னபடி மடிப்பைப் பிரித்தார். காய்ந்த சருகை மிதித்ததுபோல் ஒரு சத்தம். மடிப்பு விழுந்திருந்த இடமெல்லாம் நேர்கோடாகப் பிளந்துபோனது. கரை கறுத்திருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "பத்திரமாத்தானே வெச்சிருந்தேன்?" என்று மட்டும் கேட்டார்.

அதே அலமாரியின் கீழ்த்தட்டில் பாட்டியின் மூட்டை ஒன்று கிடந்தது. பழைய வேட்டியில் சுற்றிய ஒரு துணி. அம்மா அதைப் பொருட்டாகவே மதித்ததில்லை. என் கொள்ளுப்பாட்டியின் கூறைப் பட்டு அது. 1929 வாக்கில் ஊரிலிருந்து வந்தது. இரண்டு பக்கமும் கரை கிடையாது. வெட்டியெடுத்த விளிம்பைக் கையால் மடித்துத் தைத்திருக்கிறார்கள். அதைப் பிரித்தபோது சத்தமே இல்லை. தொண்ணூறு வயதைத் தாண்டிய துணி என் கையில் தண்ணீர்போல வழிந்தது.

பத்திரமாக வைத்தது செத்துப்போனது. வெட்டி, மூட்டைகட்டி, மூலையில் போட்டது உயிரோடு இருந்தது. இது ஏன் என்று தேடப்போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஜரிகையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் தங்க ஜரிகை என்று சொல்வதில் தங்கம் மிகக் குறைவு. பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளி இழையைச் சுற்றி, அதன்மேல் பொன் பூச்சு ஏற்றுகிறார்கள். பழைய நல்ல ஜரிகையில் எடையில் பாதிக்குமேல் வெள்ளி. பொன் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. சூரத்தில் செய்த ஜரிகையும் கர்நாடகத்துப் பட்டு நூலும் காஞ்சிபுரத்துத் தறியில் சந்திக்கின்றன. கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டையும் ஊடிழையிலேயே கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். புடவையின் அழகும் பலமும் அதில்தான் இருக்கின்றன. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பட்டு என்பது புழு கக்கிய புரதம். அது வளைந்து கொடுக்கும். ஜரிகை உலோகம். மடித்த இடத்திலேயே பல வருடம் கிடந்தால் உலோக இழை முறியும், முறிந்த முனை பக்கத்துப் பட்டிழையை அறுக்கும். மேலே அடுக்கிய புடவைகளின் பாரம் மீதி வேலையை முடித்துவிடும்.

வெள்ளிக்கு இன்னொரு பகை கந்தகம். காற்றில் கலந்திருக்கும் கந்தகத்தோடு சேர்ந்துதான் வெள்ளி கறுக்கிறது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரிலிருந்தும் அது கசியும். அம்மா அந்த உறையின் வாயை ரப்பர் பேண்டால் கட்டியிருந்தார். மூன்று தலைமுறை பால்மரம் வெட்டிப் பிழைத்த ஊரில் ஒரு கல்யாணப் புடவையின் வெள்ளியை ரப்பர் கறுக்கவைத்தது எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கசப்பாகவும் இருந்தது.

கொள்ளுப்பாட்டியின் புடவைக்குக் கரை இல்லாத கதையைப் பாட்டி எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். ஜப்பான் காலம். கப்பல் வரத்து நின்று துணிக்குப் பெரும் பஞ்சம். தோட்டத்தில் ஆணும் பெண்ணும் கோணிச்சாக்கை உடுத்திக்கொண்டு வேலைக்குப் போனார்கள். 1942-க்கும் 43-க்கும் இடையில் லயம் லயமாக ஆட்கள் சயாம் ரயில்பாதைக்குப் போனார்கள், பலர் திரும்பவில்லை. பாட்டிக்கு அப்போது ஒன்பது வயது.

"எங்க ஆத்தா ராத்திரி வெளக்கு வெச்சிக்கிட்டு கத்தரிக்கோலால கரைய வெட்டுனா. அழுவல. வெட்டுனத மண்சட்டில போட்டுக் கொளுத்துனா. பட்டு கருகி மயிர் பொசுங்குன நாத்தம். சாம்பல அலசி, அடியில நின்னத பத்தர்கிட்ட கொண்டுபோனா. அவரு வாழமரக் காசு குடுத்தாரு. வேணாம், அரிசியா குடுன்னு நின்னுட்டா."

பட்டும் மயிரும் புரதம் என்பதால் இரண்டும் ஒரே நாற்றத்தோடு எரியும். பாட்டிக்கு அறிவியல் தெரியாது, அந்த நாற்றம் ஞாபகமிருந்தது.

இந்தக் கதையைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. 1920-களின் இறுதியில் மலாயாவில் தமிழ்த் தோட்டத் தொழிலாளிக்கு அரசு நிர்ணயித்த நாள்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. அடுத்து வந்த மந்தத்தில் அதுவும் குறைந்தது. அந்தக் கூலியில் யார் காஞ்சிபுரம் பட்டு வாங்கியிருக்க முடியும்? என் கொள்ளுத்தாத்தா கங்காணி. ஊருக்குப் போய் ஆள் பிடித்து வருவார். தன் கீழ் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு தலைக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. அப்படி ஆள் கூட்டிவந்த ஒரு பயணத்தில்தான் அந்தப் புடவையும் கப்பலேறியது. லயத்தில் எத்தனையோ பெண்கள் அதே புடவையை இரவல் வாங்கித் தாலி கட்டிக்கொண்டதாகப் பாட்டி பூரிப்போடு சொல்வார். அந்தப் பெண்களின் உழைப்பிலிருந்துதான் அது வாங்கப்பட்டது என்பதை ஒருமுறை சொல்லிக்காட்டினேன். பாட்டி கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "அதான் எல்லாரும் கட்டுனாங்கள்ல" என்றார். அது சமாதானமா பதிலா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ஆனால் புடவை பிழைத்ததற்கான காரணம் அந்தப் பேச்சிலேயே இருந்தது. எல்லாரும் கட்டினார்கள். அதனால் அடிக்கடி பிரிந்தது, காற்று பட்டது, ஒவ்வொரு முறையும் வேறு கை வேறு மாதிரி மடித்தது. கரை போன பிறகு முறிவதற்கு உலோகமே இல்லை. அதற்குப் பிறகும் பாட்டி வருடம் ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைக் கழுவும்போது, அதை எடுத்து உள்கொடியில் போடுவார். "வெயில்ல போடாத, சாயம் செத்துரும். நெழல்ல போடு." மாலையில் மடிப்பை மாற்றி மடிப்பார். போன வருடம் நாலாக மடித்திருந்தால் இந்த வருடம் மூன்றாக. பிறகு வேட்டியில் சுற்றுவார். பருத்தி ஈரத்தை வாங்கும், காற்றையும் விடும்.

காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்கு அரிசிக் கஞ்சி ஏற்றி விறைப்பாக்குவது வழக்கம். நம் ஊரில் ஆண்டு முழுக்கக் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. கஞ்சியும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சணம் வரும், வெள்ளிப்பூச்சியும் வரும். தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வரும் பட்டுப் பராமரிப்புக் குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே உறைக்குள் போட்டால் தூசி படியாது. இங்கே உறைக்குள் போட்டால் உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகாது.

பூச்சிக்குப் பாட்டி வைத்திருந்தவை வெட்டிவேரும் பச்சைக் கற்பூரமும். துணிக்குள் போடமாட்டார், சிறு துணிப்பையில் முடிந்து பெட்டியின் மூலையில் வைப்பார். ஜாவாவிலும் துணிப்பெட்டியில் அதே வேரை வைக்கிறார்கள், அக்கார் வாங்கி என்ற பெயரில். கற்பூரத்தின் கதை இன்னும் நீளம். மலாய்மொழியில் அதற்குக் கபூர் பாருஸ் என்று பெயர். பாருஸ் என்பது சுமத்ராவின் மேற்குக் கரையில் இருக்கும் துறைமுகம். அதன் அருகே லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. அதற்கும் முன்பே, சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில், கீழ்க்காற்றோடு கப்பலில் வந்து சேரும் பொருள்களில் துகிலும் கற்பூரமும் இடம்பெறுகின்றன. துணியையும் அதைக் காக்கும் மருந்தையும் ஒரே கடல் சுமந்து வந்திருக்கிறது. அந்தக் கற்பூர மரம் நம் காட்டு மரம்தான். கெப்போங் வன ஆய்வு நிலையத்தில் ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்து நிற்கும் அதன் உச்சிக்கிளைகளைப் பலரும் அண்ணாந்து படமெடுத்திருப்பீர்கள். பாட்டிக்கு இந்த வரலாறு எதுவும் தெரியாது. கடையில் கேட்டு வாங்கினார், அவ்வளவுதான்.

தோட்டம் துண்டாடப்பட்டு நாங்கள் கிள்ளானுக்கு வந்தபோது இந்தப் பழக்கம் அறுந்தது. அடுக்குமாடி வீட்டில் உள்கொடி கட்ட இடம் இல்லை. டிரங்குப் பெட்டி போய் ஒட்டுப்பலகை அலமாரி வந்தது. கடையில் புடவையோடு பிளாஸ்டிக் உறை இலவசமாகக் கொடுத்தார்கள். கற்பூரத்தின் இடத்துக்கு வந்த பாச்சை உருண்டை நிலக்கரித் தாரிலிருந்து எடுப்பது. ஜரிகைமேல் நேரடியாகப் பட்டால் கறை விழும் என்று துணிக்கடைக்காரர்களே எச்சரிப்பார்கள். காற்றுப் புகாத உறைக்குள் அதைப் போட்டால் ஆவி புடவைமேலேயே தங்கும். அம்மா அலட்சியமாக இருக்கவில்லை. கூடுதல் மரியாதை காட்டினார். தோட்டத்துப் பிள்ளை முதன்முதலாகத் தன் சம்பளத்தில், யாரிடமும் இரவல் வாங்காமல் எடுத்த பட்டு அது. யாருக்கும் இரவல் கொடுக்காமலும் வைத்திருந்தார். அந்த மரியாதைதான் முப்பத்தைந்து வருடத்துக்குமேல் ஒரே மடிப்பில் உறைந்துபோனது.

கிழிந்ததை மஸ்ஜித் இந்தியாவில் ஒரு கடையில் காட்டினேன். கடைக்காரர் கரையை விரலால் தேய்த்துப் பார்த்தார். "அசல் வெள்ளிம்மா. ஊருக்கு அனுப்புனா எடைபோட்டு எடுத்துப்பாங்க. எரிச்சி வெள்ளியப் பிரிச்சிருவாங்க. நல்ல காசு வரும்." தமிழ்நாட்டில் பழைய பட்டு வாங்குகிறவர்கள் தெருத்தெருவாக வருவது உண்டு. நூறு வருடத்துக்கு முந்தைய பட்டுப் புடவைகள் நம் வீடுகளில் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இது ஒரு பதில். கோயில் கல் கிடைக்கிறது, செப்பேடு கிடைக்கிறது. பெண்கள் உடுத்தியது கிடைப்பதில்லை. விலை உள்ளது என்பதாலேயே அது எரிந்துபோகிறது. கொள்ளுப்பாட்டி பசிக்கு எரித்தார். அதில் எனக்குக் கேள்வி இல்லை. நான் எதற்கு எரிக்க வேண்டும்?

வழி சொன்னவர் என் அலுவலகத்தில் வேலைசெய்யும் திரங்கானுக்காரர், ஒரு மக்சிக். அவர் வீட்டில் பாட்டியின் சொங்கெட் இருக்கிறது. சொங்கெட்டும் பட்டில் உலோக இழை ஊடுருவிய துணிதான். 2021-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. "மடிக்கவே கூடாது, நூல் ஒடிஞ்சிரும். சுருட்டணும்" என்றார், எனக்கு ஏதோ சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. அருங்காட்சியகங்களிலும் பழைய துணிகளைக் குழலில் சுருட்டித்தான் வைக்கிறார்கள். பக்கத்து வீட்டில் இருந்த அறிவு நம் வீட்டுக்கு வர இவ்வளவு நாளாயிற்று.

துணிக்கடையில் கேட்டு ஒரு நீளமான அட்டைக் குழல் வாங்கினேன். துவைத்துக் கஞ்சி போகவைத்த வெள்ளைத் துணியை அதன்மேல் சுற்றினோம். அம்மாவின் புடவையைத் தரையில் விரித்து, ஜரிகையும் ஜரிகையும் உரசாமல் நடுவில் மல் துணி கொடுத்து, மெதுவாகச் சுருட்டினோம். கிழிசலைத் தைக்கவில்லை, ஊசி குத்தினால் நைந்த பட்டு இன்னும் பிளக்கும். கல்யாணத்துக்குப் புதுப் பட்டு எடுத்தேன். ஜரிகை குறைந்ததாகத்தான் எடுத்தேன். சடங்குக்குமுன் பெரியவர்கள் காலில் விழும்போது கொள்ளுப்பாட்டியின் கரை இல்லாத பட்டைத் தோளில் போட்டுக்கொண்டேன். பெரியம்மா ஒருவர், "இது என்னடி, மொட்டயா?" என்று கேட்டார். சொல்லவேண்டிய கதை நீளம். "ஆமா பெரியம்மா" என்றேன்.

இந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டில் மூன்று புடவைகளையும் வெளியே எடுத்தோம். சன்னலோரம் நிழலில் நாற்காலிகள்மேல் விரித்தோம். அம்மாவின் புடவையைக் குழலோடு தூக்கிக்கொண்டு வந்தபோது, "கல்யாணப் பட்ட பாய் மாதிரி சுருட்டி வெச்சிருக்கியே" என்று முனகினார். சாயந்தரம் நான் எடுத்து உள்ளே வைக்கப்போனேன். "கொஞ்சநேரம் இருக்கட்டும்" என்றார் அம்மா.