பழைய துப்பாக்கியின் இரண்டாம் வாழ்வு



மண்வெட்டியின் பிடி முறிந்துவிட்டால் நாம் அதை வீசி எறிந்துவிடுவதில்லை. புதுப்பிடி போட்டு மீண்டும் வேலைக்கு எடுத்துச் செல்கிறோம். அரசாங்கங்களும் சில வேளைகளில் இப்படிச் செய்ததுண்டு. அவ்வாறு பழுது பார்த்துப் போருக்கு அனுப்பப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கிகளைப் பற்றி இன்று நாம் அறிந்துகொள்வோம்.

அமெரிக்க அரசுக்கு ஸ்பிரிங்பீல்டு, ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் இரண்டு இடங்களில் ஆயுதச்சாலைகள் இருந்தன. '1816 மாதிரி' என்னும் துப்பாக்கி அங்கே செய்யப்பட்டது. விசையை இழுத்தால் சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் மோதும். அதில் எழும் பொறி, சிறு கிண்ணத்திலுள்ள மருந்தைப் பற்றவைக்கும். அந்தத் தீ துளை வழியே குழலுக்குள் பாய்ந்து குண்டைச் செலுத்தும். மழையில் மருந்து நனைந்தால் துப்பாக்கி வெறும் இரும்புத்தடிதான்!

பிறகு செப்புத் தொப்பி வந்தது. தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டு வெடியைப்போல, அடித்த மாத்திரத்தில் வெடிக்கும் மருந்து அதனுள் இருந்தது. 1834-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் இரு வகையிலும் 6,000 முறை சுட்டுச் சோதித்தார்கள். கல் துப்பாக்கி 922 முறை வெடிக்கத் தவறியது. தொப்பித் துப்பாக்கியோ 36 முறைதான் தவறியது.

அமெரிக்கக் கிடங்குகளில் பழைய கல் துப்பாக்கிகள் குவிந்து கிடந்தன. அவற்றை வீணாக்குவானேன்? கிண்ணத்தைக் கழற்றினார்கள், பழைய துளையை அடைத்தார்கள், தொப்பி மாட்டுவதற்குச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள், கல்லைப் பற்றியிருந்த பகுதியை எடுத்துவிட்டுச் சுத்தியலை வைத்தார்கள். செலவும் குறைந்தது, காலமும் மிஞ்சியது.

1861-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. பருத்தித் தோட்டங்களில் அடிமைகளைக் கொண்டு வேலை வாங்கிய தென் மாநிலங்கள் பிரிந்து போக முயன்றன. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் படையில் சேர்ந்தார்கள். புதிய துப்பாக்கிகளோ போதவில்லை. பாட்டன் காலத்துத் துப்பாக்கி பேரன் கைக்கு வந்தது. 1863 ஜூலையில் விக்ஸ்பர்க் நகரைப் பிடித்த தளபதி கிராண்ட், எதிரிகள் ஒப்படைத்த துப்பாக்கிகள் தம் வீரர்களுடையவற்றைவிடச் சிறந்தவை என்று கண்டார். மாற்றிக்கொள்ள அனுமதி கொடுத்தார். அதுவரை அவர் படையில் பலர் தூக்கிச் சுமந்தவை இப்படி மாற்றியமைத்த பழைய துப்பாக்கிகளே. 1865-இல் போர் முடிந்தது. அதே ஆண்டில் அந்நாட்டில் அடிமை முறையும் சட்டப்படி ஒழிந்தது.

இத்துப்பாக்கிகளை இன்று பலர் விரும்பிச் சேகரிக்கிறார்கள். ஆனால் மாற்றப்படாத கல் துப்பாக்கிக்கே விலை அதிகம். அதனால் சிலர் சுத்தியலைக் கழற்றி, புதுக் கிண்ணம் பொருத்தி, பழைய கோலத்துக்கே திருப்பிவிடுகிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் குழலின் மேல் அடைத்த தடத்தைத் தேடிப் பார்த்து உண்மையைக் கண்டுகொள்வார்கள்.

நேயர்களே, இது வெறும் விலை விவகாரமன்று. அந்த அடைப்புத்தான், ஆயுதம் போதாமல் போருக்குப் போன ஏழை வீரனின் சாட்சி. அதை அழித்தால் அவன் கதையையும் அழித்தவராவோம். நம் வீட்டுப் பழம்பொருளிலும் ஒட்டுப்போட்ட இடம் இருக்கும். அது ஏன், யாரால் போடப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம். அதுவும் வரலாறுதான்.