ஸ்டாண்டு போட்டாச்சா?

உங்கள் வீட்டு வாசலில் தாத்தா காலத்து மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை எப்படி நிறுத்துவீர்கள்? 'இதிலென்ன சார், சைடு ஸ்டாண்டைத் தட்டிவிட்டாப் போச்சு' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

உலகின் முதல் பெட்ரோல் மோட்டார் சைக்கிள் என்று பலரும் சொல்கிற வண்டிக்கு அந்தக் கவலையே இருக்கவில்லை. 1885-ல் ஜெர்மனியில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் உருவாக்கிய அந்த மர வண்டிக்கு இரண்டு பக்கமும் குட்டிச் சக்கரங்கள். குழந்தைகள் சைக்கிளில் இருக்குமே, அதே மாதிரி! தானாகவே நின்றது. (ஓட்டிப் பார்த்தபோது சீட்டில் தீப்பிடித்துக்கொண்டது தனிக்கதை.)

குட்டிச் சக்கரங்கள் போன பிறகுதான் ஸ்டாண்டு தேவைப்பட்டது. முதலில் பரவலானது பின் ஸ்டாண்டு. பின் சக்கரத்தின் அச்சுக்குப் பக்கத்தில் கீல் வைத்த, 'ப' வடிவக் கம்பி. அதைக் கீழே இறக்கி, வண்டியைப் பின்பக்கமாக இழுத்தால் சக்கரம் தரையைவிட்டு எழும்பி நிற்கும். கிளம்பும்போது ஸ்டாண்டை மேலே தூக்கி மட்கார்டில் மாட்டிவிட வேண்டும்.

வண்டியை நிறுத்த இவ்வளவு மல்லுக்கட்டா என்று தோன்றுகிறதல்லவா? அந்த ஸ்டாண்டு நிறுத்த மட்டும் இல்லை. ஆரம்ப கால வண்டிகள் பலவற்றுக்குக் கிக்கரே கிடையாது, சைக்கிள் பெடல்தான். ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் அந்தரத்தில் சுழல, உட்கார்ந்து மிதித்தால்தான் இன்ஜின் உயிர் பெறும். அப்புறம் பஞ்சர்! குதிரை வண்டிகள் ஓடிய சாலை முழுக்க லாட ஆணிகள். நடுவழியில் சக்கரத்தைக் கழற்ற அந்த 'ப' கம்பிதான் துணை.

கிக்கர் வந்ததும் பாதி வேலை போனது. 1930-களுக்குப் பிறகு, எடை நடுவில் விழும் சென்டர் ஸ்டாண்டு மெல்ல மெல்ல இடம் பிடித்தது. அமெரிக்கர்களுக்கு அதுகூடப் பொறுமை இல்லை. காலால் தட்டினால் சாய்ந்து நிற்கும் சைடு ஸ்டாண்டு ஹார்லி வண்டிகளில் சகஜமானது. இரண்டாம் உலகப் போருக்குப் போன ஹார்லி டபிள்யூஎல்ஏ-வில் சைடு ஸ்டாண்டும் உண்டு, பின் ஸ்டாண்டும் உண்டு. செய்தி கொடுத்துவிட்டு உடனே பறக்க ஒன்று, டயர் கழற்ற இன்னொன்று!

இதெல்லாம் எனக்கு ஏன் தெரியவேண்டி வந்தது? நண்பர் ஒருவரிடம் பிஎஸ்ஏ எம்20 இருக்கிறது. போர்க்காலத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கும் அதிகமாகச் செய்யப்பட்ட மாடல். எடை 160 கிலோவைத் தாண்டும். ஓட்டுவது அவர் அப்பா, வயது எழுபத்திரண்டு. ஒருநாள் பின் ஸ்டாண்டில் ஏற்றும்போது முதுகு பிடித்துக்கொண்டது. ''இந்தக் கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு சைடு ஸ்டாண்டு மட்டும் வெச்சுக்கறேம்ப்பா'' என்றார் மகன். அப்பா ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் இரண்டு நாள் பேச்சுவார்த்தையே இல்லை!

அப்பா பக்கம் நியாயம் இருந்தது. வண்டியைச் சாய்த்தே வைத்திருந்தால் பழைய கார்புரேட்டரில் மிதவை மட்டம் மாறி, சில சமயம் பெட்ரோல் கசியும். ஆயில் அளவையும் சரியாகப் பார்க்க முடியாது. எல்லாவற்றையும்விட மோசம், சைடு ஸ்டாண்டில் நிறுத்தியபடியே ஏறி நின்று கிக்கரை உதைப்பது. வண்டி எடையும் நம் எடையும் சேர்ந்து ஒரே காலில் இறங்கும். ஃப்ரேமில் அந்த ஸ்டாண்டைத் தாங்கும் பகுதி விரிசல் விடும். இந்தப் பழக்கம் நம்மூரில் எத்தனை பேருக்கு! மே மாத வெயிலில் இளகிய தாரில் கால் புதைந்து வண்டி சாய்வதையும் பார்த்திருப்பீர்கள்.

மகன் பக்கமும் நியாயம்தான். முதுகுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காதே!

கடைசியில் வழக்கைத் தீர்த்தது ஒரு பலகை. முக்கால் அங்குல கனம். வண்டியை உருட்டி, பின் சக்கரத்தை மட்டும் பலகைமேல் ஏற்றிவிட வேண்டும். ஸ்டாண்டின் கால்கள் பலகைக்கு வெளியே, தரையில். சக்கரம் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் கொஞ்சம் இழுத்தாலே போதும், ஏறிவிடும். வீட்டில் இப்படி. கடைத்தெருவில் ஐந்து நிமிட வேலைக்கு சைடு ஸ்டாண்டு, அடியில் ஒரு தட்டையான தகரம். கிளப்பும்போது ஸ்டாண்டை மடக்கிவிட்டுத்தான் உதை.

போன வாரம் போயிருந்தேன். போர்டிகோவில் எம்20 நிமிர்ந்து நின்றது. பலகையில் யார் பெயரையோ எழுதி அடித்திருந்தார்கள். ''யார் பேரு சார் அது?'' என்றேன்.

''என்னோடதுதான். பையன் எழுதினான், நான் அடிச்சேன்'' என்றார் பெரியவர்.